கண்ணாடி மாற்றினால் போதுமா? முதியோர் கண் நலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

முதியோரின் கண் நலம் குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறோம். கண் மருத்துவர் ஒருவர் அவற்றுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 59. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எங்கள் ஊர்க் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பவர் பார்த்துக் கண்ணாடி மாற்றிக்கொள்கிறேன். தூரமும் கிட்டமும் தெளிவாகத் தெரிகின்றன. இதற்கு மேல் கண் மருத்துவரிடம் போக வேண்டிய தேவை உண்டா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கட்டாயம் உண்டு. கண்ணாடிக் கடையில் அளக்கப்படுவது, எந்தக் கண்ணாடியைப் போட்டால் எழுத்து தெரியும் என்பது மட்டுமே. நாற்பதை ஒட்டி வருகிற வெள்ளெழுத்துக்கு அது போதும். கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரையும் பார்வை நரம்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்கு அந்த அளவில் விடை இல்லை. வயதான காலத்தில் பார்வையை நிரந்தரமாகப் பறிக்கக்கூடிய, கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயும் சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பும், அட்டையின் கடைசி வரியைத் தடங்கலின்றிப் படிக்கிறவரின் கண்ணிலேயே பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கக் கூடும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றனவா என்று பாருங்கள்: கண்ணின் அழுத்தத்தை அளப்பது, பிளவு விளக்குக் கருவியில் கண்ணின் முன்பகுதியைப் பார்ப்பது, சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையையும் நரம்பையும் பார்ப்பது. மூன்றாவதைத்தான் நம்மவர்கள் தட்டிக்கழிக்கிறார்கள். சொட்டு விட்டுவிட்டுக் கண்ணை மூடி அரைமணி நேரம் உட்கார வேண்டும், அதன்பின் நான்கைந்து மணி நேரத்துக்கு வெயில் கூசும், செய்தித்தாள் எழுத்து மங்கும் என்பதால், ‘இன்னொரு நாள் வருகிறேன்’ என்று எழுந்துவிடுகிறார்கள். அன்றைக்கு இருசக்கர வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போனால் இந்தச் சங்கடம் தீர்ந்தது. நாற்பது வயதில் ஒருமுறையும், அறுபதைத் தாண்டியவர்கள் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறையும் இந்த முழுப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. பணம் தடையாக இருக்க வேண்டியதில்லை. 1819இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவுகளிலும் இவை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், வயது 68. இரண்டு கண்களிலும் புரை தொடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். புரை நன்றாக முற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும், அதுவும் கோடையில் எடுக்கக் கூடாது என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு மாதங்களாக எனக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது. புரை தானாகக் கரைகிறதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கரையவில்லை ஐயா, வளர்கிறது. புரையின் ஒரு வகையில் விழிலென்ஸின் நடுப்பகுதி இறுகி, அதன் பவர் கூடி, கண் கிட்டப்பார்வை உள்ள கண்ணாக மாறுகிறது. அதனால் படிக்கும் கண்ணாடி சில காலம் தேவைப்படாமல் போகிறது. அதே சமயம் தூரப் பார்வை மங்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தச் சலுகை சில மாதங்களுக்குத்தான்.

முற்றட்டும் என்று காத்திருந்ததற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அப்போது லென்ஸை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுப்பார்கள். கண்ணில் பெரிய வெட்டும் தையலும் போட்டு, நாள்கணக்கில் படுக்க வைத்து, பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அவ்வளவு துன்பத்துக்கும் பலன் கிடைக்க வேண்டுமானால், பார்வை அநேகமாகப் போன பிறகு செய்வதே புத்திசாலித்தனமாக இருந்தது. 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய, கேளா ஒலி அதிர்வால் லென்ஸை உள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கும் ‘பேகோ’ முறை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. இதில் வெட்டு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரும்பாலும் தையல் இல்லை. அன்றே வீடு திரும்பலாம். லென்ஸ் எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவு அதிர்வைக் கண்ணுக்குள் செலுத்த வேண்டியிருக்கும், கருவிழியின் உட்புறச் செல்களுக்கு அவ்வளவு சேதம் ஏற்படும் என்பதால், இன்று முற்றிய புரையே மருத்துவருக்குச் சிரமமானது. மேலும் காத்திருந்து, கண்மணி பால்போல் வெளுக்கும் அளவுக்கு விட்டால், லென்ஸ் வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தம் திடீரென ஏறி, தாங்க முடியாத வலியோடு பார்வையே போய்விடும் ஆபத்தும் உண்டு.

அதற்காகப் புரை என்று எழுதிக் கொடுத்த மறுநாளே மேசையில் படுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அன்றாடக் காரியம் தடைப்படுகிறதா என்பதுதான் அளவுகோல். எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு சிதறிக் கண்ணை மறைக்கிறதா, மாடிப்படியின் விளிம்பு தெரியாமல் காலைத் தடவி வைக்கிறீர்களா, கோயில் பிராகாரத்தின் அரையிருட்டில் தடுமாறுகிறீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் செய்துகொள்ளுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை காட்டிக்கொண்டு பொறுத்திருக்கலாம். கோடை, மார்கழி என்ற பேதம் இந்த அறுவைக்கு இல்லை.

ஒரு விஷயம் மட்டும் மறக்க வேண்டாம். சிறுநீர் தாராளமாகப் போவதற்காக டாம்சுலோசின் போன்ற புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறீர்களானால், பழைய சீட்டாக இருந்தாலும் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த மாத்திரை கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடுவதால், அறுவையின் நடுவே அது சுருங்கி நெளிந்து இடையூறு செய்யும். முன்கூட்டியே தெரிந்தால் சமாளித்துவிடுவார். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் அவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவின் புரை அறுவைக்காகப் போனபோது விலைப்பட்டியலை நீட்டினார்கள். சாதா லென்ஸ், பல குவிய லென்ஸ், டோரிக் லென்ஸ் என்று ஒன்றுக்கொன்று பல மடங்கு விலை. விலை குறைந்ததைப் போட்டால் அம்மாவுக்குக் குறை வைத்தவளாகிவிடுவேனோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தக் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. சாதா லென்ஸ் என்று சொல்லப்படும் ஒற்றைக் குவிய லென்ஸ் தூரத்தைத் துலக்கமாகக் காட்டும். படிப்பதற்குக் கண்ணாடி போட வேண்டும், அவ்வளவுதான். பல குவிய லென்ஸ் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். ஆனால் வரும் ஒளியைப் பங்கிட்டுத்தான் அதைச் செய்கிறது. அதனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரிவதும், மங்கிய வெளிச்சத்தில் பொருளுக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு குறைவதும் உண்டு. அம்மாவுக்கு விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ குறை இருந்தால் அது பொருந்தாது. டோரிக் லென்ஸ், கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் உருளைப் பவர் கணிசமாக உள்ளவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆகவே பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு, ‘என் அம்மாவின் கண்ணில் எந்தக் காரணத்துக்காக இதைச் சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். காரணம் சொல்லாமல் விலையை மட்டும் சொல்பவரிடம் அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸே ஒரு தற்செயலான கவனிப்பில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் பாய்ந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துணுக்குகள் புண்ணோ அழற்சியோ ஏற்படுத்தாமல் கிடந்ததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி, அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து 1949இல் லண்டனில் முதன்முதலாகப் பொருத்தினார். இந்தியாவில் நெடுங்காலம் அது வசதியுள்ளவர்களுக்கே எட்டியது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992இல் ஆரோலேப் அமைக்கப்பட்டு, லென்ஸ்கள் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கிய பின்னர்தான் விலை பெருமளவு இறங்கியது. அரசு மருத்துவமனைகளிலும் முகாம்கள் வழியாகவும் கட்டணமின்றிப் பொருத்தப்படுவது பெரும்பாலும் ஒற்றைக் குவிய லென்ஸ்தான். அது ஆயுளுக்கும் போதுமானது.

கேள்வி: புரை எடுத்து மூன்று ஆண்டுகள் ஆயின. மறுபடியும் பனி மூடியது போல் இருக்கிறது. புரை திரும்பி வந்துவிட்டதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: எடுத்த புரை திரும்ப வராது. புதிய லென்ஸைத் தாங்குவதற்காக விட்டுவைத்த பழைய உறையின் பின்பக்கம் சிலருக்கு மங்கிவிடுகிறது. யாக் லேசரால் அதன் நடுவில் ஒரு சாளரம் திறந்துவிடுவார்கள். சில நிமிட வேலை. ஊசியும் இல்லை, கட்டும் இல்லை. ஆனால் மங்கலுக்குக் காரணம் உறைதானா, விழித்திரையா என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: வேறு எதற்கோ போனபோது என் கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதாகவும், அது கிளாக்கோமா என்றும் சொல்லி, தினமும் இரவில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். எனக்கு வலியும் இல்லை, பார்வைக் குறைவும் இல்லை. நான்கு மாதம் விட்டேன். பார்வையில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை, கண் சிவந்ததுதான் மிச்சம். நிறுத்திவிட்டேன். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போயிற்று. மறுபடியும் மருந்து விட வேண்டுமா?
– வாசகர் (வயது 61), திருநெல்வேலி

பதில்: வேண்டும், நாளைக்கே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான்.

கண்ணின் முன்பகுதியில் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, ஒரு மூலையில் உள்ள நுண்ணிய சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. வழக்கமான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்பார்கள். ஆனால் 21க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு, கூடியிருந்தும் கெடாதவர்கள் உண்டு. அதனால்தான் அழுத்தத்தை மட்டும் பார்க்காமல் நரம்பின் தோற்றத்தையும், ஓரங்கள் எவ்வளவு தூரம் தெரிகின்றன என்னும் பார்வைப் புலத்தையும் சேர்த்துச் சோதிக்கிறோம். இழைகள் முதலில் அழிவது நடுப்பார்வைக்கு உரிய இடத்தில் அல்ல. ஓரங்கள்தான் முதலில் போகின்றன. ஒரு கண் விடுவதை மற்றொரு கண் நிரப்பிக்கொள்கிறது. எதிரில் இருப்பவரின் முகமும் புத்தகத்தின் எழுத்தும் கடைசிவரை தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும். அடிக்கடி கதவு நிலையில் இடித்துக்கொள்வதும், பக்கவாட்டில் வந்த மிதிவண்டியைக் கவனிக்காமல் போவதும் முதல் அடையாளங்களாக இருக்கலாம். அதையும் வயதின் மேல் பழி போட்டு விட்டுவிடுகிறோம்.

இறந்த நரம்பிழையை எந்த மருந்தாலும் அறுவையாலும் மீட்க முடியாது. நீங்கள் விட்ட சொட்டு மருந்தால் பார்வை கூடாது. கூடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறு. இருக்கிற பார்வை இருந்தபடியே நிற்பதுதான் அதன் வெற்றி. நான்கு மாதம் விட்டும் மாற்றம் தெரியவில்லை என்றால் மருந்து வேலை செய்திருக்கலாம் என்று பொருள். சிவப்பு, இந்த மருந்துகளில் சிலவற்றின் பக்க விளைவு. வேறு மருந்துக்கு மாற்றலாம். சிலருக்கு லேசரோ அறுவையோ பொருந்தும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் டைமோலால் என்ற சொட்டு மருந்து கண்ணில் விட்டாலும் மூச்சிரைப்பை வரவழைக்கும்.

விடும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். கையைக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையைச் சற்றுக் கீழே இழுத்து, உண்டாகும் குழியில் ஒரு சொட்டு விட்டால் போதும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். புட்டியின் முனை கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தால் மருந்து தொண்டைக்குள் இறங்காமல் கண்ணில் தங்கும். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விடுங்கள். வெளியூர் போகும்போது புட்டியை மறப்பவர்கள், பெட்டியில் இன்னொரு புட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அப்பாவுக்கு இருந்தது இந்த நோயா என்று இப்போது உறுதிப்படுத்த முடியாது. உங்களுக்கு இருப்பது உறுதியானால் உடன்பிறந்தவர்களும், நாற்பதை நெருங்கும் பிள்ளைகளும் தங்கள் கண்ணைக் காட்டியாக வேண்டும்.

இதே நோயின் மற்றொரு வகை, வடிகால் மூலை சட்டென்று மூடிக்கொள்வதால் வருவது, இதற்கு நேர்மாறாக ஆர்ப்பாட்டமாக வரும். ஒரு கண்ணில் கடும் வலி, சிவப்பு, அந்தப் பக்கமே தலைவலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், அதோடு வாந்தி என்று வரும்போது, வாந்தியை மட்டும் பார்த்து வயிற்றுக்கோளாறு என்று ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில மணி நேரத் தாமதமும் அங்கே பார்வையை விலையாகக் கேட்கும்.

கேள்வி: 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பார்வை நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டில் இரண்டு முறை கண்ணாடி பவர் மாறுகிறது. விழித்திரையில் கசிவு இருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்கிறார் மருத்துவர். கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை.
– வாசகி, அம்பத்தூர்

பதில்: பவர் அடிக்கடி மாறுவது இரத்தச் சர்க்கரை ஏறி இறங்குவதால் விழிலென்ஸ் நீர் கோத்து வடிவதன் விளைவு. சர்க்கரை சில வாரங்கள் ஒரே சீராக நின்ற பிறகு கண்ணாடி எடுத்தால் காசு மிச்சம். விழித்திரைக் கசிவு அதிலிருந்து வேறானது. அங்குள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் பல ஆண்டுச் சர்க்கரையால் பலமிழந்து கசிகின்றன, அடைபடுகின்றன. அடைபட்ட இடத்துக்கு இரத்தம் தேடிப் புதிதாக முளைக்கும் குழாய்கள் எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டுகிறது. நடுப்பகுதியான மாகுலாவைக் கசிவு எட்டாதவரை பார்வை நன்றாகத்தான் இருக்கும். ஆகவேதான் இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும், கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

ஊசி என்றதும் எல்லோரும் நினைப்பதுபோல் அது கண்மணியில் குத்துவது அல்ல. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கிருமிநாசினியால் துடைத்து, வெள்ளை விழியின் ஓரமாக மிக மெல்லிய ஊசியால் மருந்தைச் செலுத்துவார்கள். குத்தும் நேரம் சில நொடிகளே. பெரும்பாலோர் ஓர் அழுத்தத்தை மட்டும் உணர்கிறார்கள். ஆனால் ஒரே ஊசியோடு முடிவதில்லை, தொடக்கத்தில் மாதந்தோறும் சிலமுறை தேவைப்படும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்; பாதியில் நிற்பவர்கள்தான் பலனை இழக்கிறார்கள். ஊசிக்குப் பிந்திய நாட்களில் வலியும் சிவப்பும் கூடிப் பார்வை குறைந்தால் காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும். சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைக்காவிட்டால் ஊசி மட்டும் தனியே எதையும் சாதிக்காது.

கேள்வி: என் மனைவிக்கு வயது 74. ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிகின்றன என்கிறாள். எதிரில் நிற்பவரின் உடை தெரிகிறது, முகம் மட்டும் அழிந்தாற்போல் இருக்கிறதாம். புரை எடுத்தாயிற்று. மாத்திரை ஏதும் உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: அம்மையாரின் மாகுலா வயதால் சிதைந்துவருகிறது என்றே அந்த விவரிப்பு சொல்கிறது. நேர்க்கோடு வளைந்து தெரிவது, மாகுலாவுக்கு அடியில் புதிய இரத்தக் குழாய் முளைத்துக் கசியும் ஈர வகைக்கு உரிய அடையாளம். இதில் வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. இரண்டொரு நாளில் விழித்திரை மருத்துவரிடம் காட்டி, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. என்னும் படம் எடுங்கள். ஈர வகைக்கு மேலே சொன்ன அதே ஊசிகள் இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் இருக்கும் பார்வையைக் காப்பாற்றும், சிலருக்குக் கூட்டவும் செய்யும். உலர் வகை மெல்ல வளர்வது. 2001இல் முடிவுகள் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், குறிப்பிட்ட அளவு வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியவை அடங்கிய மாத்திரை, இடைநிலையை எட்டியவர்களுக்கு நோய் முற்றுவதைக் குறைப்பது தெரியவந்தது. நோயே இல்லாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. புகைப்பவர்கள் அந்த மாத்திரையில் பீட்டா கரோட்டின் உள்ள வகையைத் தவிர்க்க வேண்டும். புகைப்பதையே விடுவது எந்த மாத்திரையை விடவும் மேலானது.

உங்கள் வீட்டுச் சுவரில் கட்டம் போட்ட மாதக் காலண்டர் இருக்குமே, அது போதும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, ஒரு கண்ணைப் பொத்தி ஒரு கட்டத்தின் நடுவை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மறுகண். கோடு நெளிந்தாலும், ஏதேனும் கட்டம் காணாமல் போனாலும் உடனே தெரிந்துவிடும். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் குறையை மூடிவிடும்.

கேள்வி: நேற்று முதல் வலக்கண்ணில் கொசு பறப்பது போல் கரும்புள்ளிகள், ஓரத்தில் மின்னல் வெட்டு. வயது 63.
– வாசகர், சேலம்

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கண்ணுக்குள் நிறைந்திருக்கும், முட்டையின் வெள்ளைக்கருவை ஒத்த கூழ்மம் வயதானால் சுருங்கி விழித்திரையிலிருந்து விலகும்; பெரும்பாலோருக்கு அத்தோடு சரி. சிலருக்கு விலகும்போது விழித்திரை கிழிந்துவிடும். கிழிசல் மட்டும் இருக்கும்போது லேசரால் அடைத்துவிடலாம். அதன் வழியே நீர் புகுந்து திரை பிரிந்துவிட்டால் பெரிய அறுவை. புதிதாகப் புள்ளிகள் மொத்தமாகத் தோன்றினாலோ, மின்னல் அடித்தாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல் இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். வலியே இல்லாமல் ஒரு கண் பார்வை சட்டென்று போனாலும் அப்படித்தான். அது இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம், அதைப் பக்கவாதத்துக்கு இணையான அவசரமாகக் கருதி, அன்றைய வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கண்ணில் தேன் விடலாமா, விளக்கெண்ணெய் விடலாமா? பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் புரை கரையுமா? கண் உறுத்தினால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து எனக்கு உடனே கேட்கிறது.
– வாசகர், தருமபுரி

பதில்: கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது, புரை கரையாது. புரையைக் கரைப்பதாக நிறுவப்பட்ட சொட்டு மருந்தும் இதுவரை இல்லை. தேன், எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். கதிர் அறுக்கும்போது நெல் உமியோ இலை நுனியோ கீறிய கண்ணில் இவற்றை விட்டு, பூஞ்சைப் புண்ணாகிக் கருவிழி வெளுத்த பின் வருகிறவர்கள் எங்களுக்குப் பழக்கமானவர்கள்தான். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம். உடனே கேட்கும் அந்த மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பை அது மறைக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் வரவழைக்கும். புட்டியை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, மருத்துவரோ உலர்கண் என்கிறார். இது எப்படி?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அவர் சொன்னது சரியே. இமை விளிம்புச் சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய்ப் படலம் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. காய்ந்த கண் உறுத்தியதும் பெரிய சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டில் மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைத்து, இமை ஓரத்தை மெல்லத் துடைத்துவிடுவதை இரண்டு வேளை செய்யுங்கள். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாதபடி படுக்கையை மாற்றிப் போடுங்கள். செயற்கைக் கண்ணீரை நாளைக்கு நான்கு முறைக்கு மேல் விட நேர்ந்தால் கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்பொருள் (preservative) இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்து, மூக்கோரத்தை அழுத்தினால் சீழ் வந்தால், அது கண்ணீர்ப் பை அடைப்பு. புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தால் அதை முதலில் சரிசெய்துகொண்ட பிறகே மேசைக்குப் போக வேண்டும்.